இழுத்துப் பார்த்த பூட்டு

வீட்டைப் பூட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு: பூட்டிவிட்டு நடப்பவர்கள், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பவர்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடும்பம் மூன்றாவது வகை. பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து, மறுபடி இழுத்துப் பார்ப்போம். (அப்பா ஏறக்குறைய தொங்கியே பார்ப்பார்.)

இந்த ரத்தத்தோடுதான் நான் பூட்டுத் தொழிலுக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் போனேன். படித்தது மெக்கானிக்கல். கே.கே. நகரில் பூட்டு சர்வீஸ் கம்பெனி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை சான்றிதழோடு வந்தால் எனக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு.

செய்முறைத் தேர்வின் விதிகள் எனக்கு மனப்பாடம். சாவி இல்லாமல் திறக்க வேண்டும். பூட்டில் கீறல் விழக் கூடாது. கருவிகளை வரிசை கலையாமல் வைக்க வேண்டும். திறந்ததும் கையைத் தூக்க வேண்டும். தேர்வாளர் வந்து பார்ப்பார்.

எனக்கு வந்தது, வளையத்தை அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். மெல்லிய கம்பியை விட்டு, உள்ளே இருந்த பின்களை ஒவ்வொன்றாக உயர்த்தினேன். க்ளிக்! பக்கத்து மேஜைக்காரர் அப்போதுதான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்தேன். (அவருக்காக.) வேலை முடிந்த திருப்தியில் கம்பிகளை வரிசைப்படுத்தினேன், துணியை மடித்தேன், பூட்டை அமுக்கினேன், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கம்பீரமாகக் கையைத் தூக்கினேன்.

தேர்வாளர் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"திறக்கவே இல்லையேம்மா?"

"திறந்துட்டேன் சார். அப்புறம்... பூட்டிட்டேன்."

"ஏன்?"

(பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வியே இல்லை.)

"வீட்டுப் பழக்கம் சார்."

"பூட்டுறதுக்குன்னு ஒரு பரீட்சை வெச்சா, நீங்கதாங்க ஃபர்ஸ்ட்" என்றபடி, 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினார்.

வாசலில் அப்பா காத்திருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். ஆழ்ந்து யோசித்தார்.

"சரி விடும்மா. இழுத்துப் பாத்தியே, கெட்டியா இருந்துச்சா?"

அந்த வேலை போயிற்று. மறுதேர்வில் க்ளிக் என்றதும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன், போலீஸிடம் அகப்பட்டவளைப் போல. சான்றிதழ் வந்தது. பிறகு வேறு கம்பெனியில் வேலையும் கிடைத்தது.

வீட்டில்தான் அந்தப் பூட்டிலிருந்து விடுதலை இல்லை. சமீபத்தில் ஒரு வரனுக்கு, நன்றாக யோசித்து, "சரி" என்றேன். அம்மா சர்க்கரை டப்பாவை எடுப்பதற்குள், "ஆனா, அவர்கிட்ட ஒரு பத்து விஷயம் கேக்கணும்" என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மா டப்பாவை மூடினாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. உங்க பொண்ணு பூட்டிட்டுக் கையத் தூக்குறா!"