காலஞ்சென்ற உத்சுகி கன்ஜியின் குப்பை

இருட்டிய பிறகு வாசலில் ஒரு சத்தம் கேட்டது. எதையோ தரையோடு தரையாக இழுத்து வந்து வைக்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

என் கணவர் கடைசி ரயிலில்தான் வருவார். கைப்பிள்ளை தோமா தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாச் சத்தத்துக்கும் பயம். ஃபிரிட்ஜ் முனகினால்கூட எழுந்து போய்ப் பார்ப்பேன். திருட வந்தவன் செருமமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன்.

எங்கள் தெருச் சங்கத்தின் குப்பைப் பொறுப்பாளர் குராமோச்சி ஐயா நின்றிருந்தார். வங்கியில் ஓய்வு பெற்றவர். கையில் வெள்ளைக் கையுறை, நெற்றியில் விளக்கு. காலையில் நான் தெருமுனையில் வைத்த பையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூடிய கதவுக்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். திறந்தேன்.

"மன்னிக்கணும் நிஷிகோரியம்மா. இந்தப் பையை வண்டி எடுத்துக்கல."

"ஏங்க? நகராட்சிப் பைதானே. பேரும் எழுதியிருக்கேனே."

"பேருலதான் சிக்கல். நிஷிகோரி தோமான்னு இருக்கு."

"உள்ள இருக்கிறது அத்தனையும் அவனோட டயப்பர்ங்க."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. தூக்கிட்டு வந்தது நான்தானே."

எங்கள் நகராட்சி அந்த ஆண்டை 'குப்பையற்ற நன்னகர் ஆண்டு' என்று அறிவித்திருந்தது. ஒவ்வொருவரும் போன ஆண்டு போட்ட குப்பையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாக வேண்டும். யார் போட்ட குப்பையோ அவர் பெயரைப் பையில் எழுத வேண்டும்.

"போன வருஷம் தோமா எவ்வளவு போட்டாரு?" என்றார் குராமோச்சி ஐயா.

"போன வருஷம் அவன் பொறக்கவே இல்லையே."

"அப்ப பூஜ்யம். பூஜ்யத்துல மூணுல ஒரு பங்கைக் கழிச்சா?"

"பூஜ்யம்."

"நல்லாக் கணக்கு வருது உங்களுக்கு," என்று அவர் மனதார மகிழ்ந்தார். "இந்த வருஷம் அவருக்கு அனுமதி அவ்வளவுதான். கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லுங்க."

"என் பேருல போட்டுடறேன்."

"உங்க பங்கு தாண்டிடும்மா. தாண்டின வீட்டுப் பிள்ளைக்குக் குழந்தைக் காப்பகத்துல இடம் கிடையாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. பயமுறுத்தணும்னு சொல்லல."

அவர் பயமுறுத்தத் தேவையே இல்லை. ஏப்ரலில் நான் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. திரும்ப வேண்டுமானால் தோமாவைக் காப்பகத்தில் விட வேண்டும். கைப்பிள்ளைகளை எடுத்துக்கொள்கிற காப்பகம் ஊரிலேயே ஒன்றுதான். மலையடிப் புத்தர் கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. நடத்துவது கோயில், இடம் ஒதுக்குவது நகராட்சி.

மறுநாளே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நகராட்சியின் வள மறுசுழற்சிப் பிரிவுக்குப் போனேன். அகாபோரி என்ற இளம் அதிகாரி தோமாவுக்கென்று தனியாக வரிசைச் சீட்டுக் கொடுத்தாள். அவன் அதைத் தின்றான். அதனால் குப்பை ஒன்று குறைந்தது என்று பாராட்டினாள்.

"தோமா அவர்கள் தம் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள ஆர்வமா இருக்காரா?" என்று கேட்டாள்.

"டயப்பருக்குப் பதிலாத் துணி கட்டினா துவைக்கிற தண்ணி கூடுமே."

"அது தண்ணீர்ப் பிரிவு. நான் பேசக் கூடாது."

அதே அறையில் எங்கள் தெரு உத்சுகியம்மாவுக்கு 'மாதிரிக் குடும்பம்' என்ற பட்டயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குப்பை பாதியாகக் குறைந்திருந்ததாம். நகராட்சிப் பத்திரிகைக்காரர் குனிந்து கேட்டார்: "எப்படிம்மா சாதிச்சீங்க?"

"வீட்டுக்காரர் செத்துப் போயிட்டாரு."

அவர் மரியாதையாகத் தலையாட்டி, 'குடும்ப அமைப்பை மறுபரிசீலனை செய்ததன் மூலம்' என்று எழுதிக்கொண்டார். அகாபோரி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுல அந்த மாதிரி உத்தேசம் எதாவது?" என்றாள்.

உத்சுகியம்மா பட்டயத்தை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு அகாபோரியிடம் வந்தாள். "பாப்பா, அவரோட பங்கு என்ன ஆச்சுன்னு பார்த்துச் சொல்லு."

அகாபோரி விதிகளைப் புரட்டினாள். பங்கு ஆளுக்கு ஒதுக்கியது. ஆள் போய்விட்டதால் பங்கைத் திரும்ப வாங்க விதி இல்லை. குப்பை போடுகிறவருக்குப் பெயர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உயிர் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

வெளியே வந்ததும் உத்சுகியம்மா சொன்னாள்: "இருந்தவரைக்கும் ஒருத்தருக்கும் உபயோகப்படாத மனுஷன். இப்பவாவது ஒரு பிள்ளைக்கு ஆகட்டும். அவர் பேரை எழுதிப் போடும்மா."

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பத்துக் கட்டளைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். டயப்பரைப் பற்றி ஒன்றும் இல்லை. உத்சுகி கன்ஜி என்று நல்ல கையெழுத்தில் எழுதி வைத்தேன். வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வாரத்தில் குராமோச்சி ஐயா கவலையோடு உத்சுகியம்மா வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரர் டயப்பர் போட ஆரம்பிச்சிருக்காரு போலிருக்கே."

"வயசாகுதில்ல," என்றாள் அவள்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். வங்கிக்காரர் அல்லவா. "எங்கப்பாவும் போன வருஷக் கடைசியிலதான் தவறினாரு," என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு ஊரில் இறந்தவர்கள் சுறுசுறுப்பானார்கள். மீன் முள்ளெல்லாம் பெரியப்பாக்கள் போட்டார்கள். பீர் டப்பாக்களை, வாழ்நாளில் குடித்தறியாத அத்தைமார்கள் போட்டார்கள். இறந்தவர் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் சுத்தமான பூஜ்யம். காலிக் குப்பைத் தொட்டியைக் கழுவி வாசலில் வைத்து, அதில் ஒற்றைப் பூ செருகுவதுதான் அந்தக் குளிர்காலத்து நாகரிகம். சட்டையில் 'பூஜ்யம்' என்று பொறித்த பச்சைப் பொத்தான் குத்தாமல் யாரும் கடைத்தெருவுக்கு வருவதில்லை. வேறு ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வந்து எங்கள் தொட்டிகளைப் படமெடுத்தார்கள். நாட்டிலேயே குப்பை போடாத மக்கள் என்று எங்கள் நகராட்சிக்கு விருது கிடைத்தது.

தோமாவுக்குக் காப்பகத்தில் இடமும் கிடைத்தது. அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு முழுசாகத் தூங்கினேன்.

மார்ச் கடைசியில் இன்னொரு அறிவிப்பு வந்தது. உயிரோடிருக்கும் மக்கள் குப்பையே போடாத நிலையில், அவர்கள் தெருவுக்கு வண்டி அனுப்புவது பொதுப்பணத்தை வீணடிப்பதாகும். இனி வண்டி, குப்பை போடுகிறவர்கள் வசிக்கும் முகவரிக்கு மட்டும் செல்லும். அதாவது, மலையடிக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்கு.

ஏப்ரல் முதல் நாள் காலை தோமாவை முதுகில் கட்டி, ஒரு தோளில் அவனுடைய மாற்றுத் துணி, ஒரு கையில் உத்சுகி கன்ஜியின் பையுமாகக் கோயிலுக்குப் போனேன். வாயிலில் எங்கள் தெருவே நின்றது. குராமோச்சி ஐயா அவருடைய அப்பாவின் பையோடு. அகாபோரி அவளுடைய தாத்தாவின் பையோடு, கொஞ்சம் தள்ளி, அலுவல் நிமித்தம் வந்தவள் போல. எல்லோர் கையிலும் நேற்றைய கானாங்கெளுத்தி நாறிக்கொண்டிருந்தது. எல்லோர் சட்டையிலும் பச்சைப் பொத்தான்.

கோயில் குரு வாயிற்கதவைச் சாத்தி, ஒரு கை அகலம் மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"உள்ள இடமில்ல. கல்லறைக்குப் போற வழியே அடைஞ்சு போச்சு. எல்லாரும் அவங்கவங்க பையை எடுத்துக்கிட்டுப் போங்க."

"இது என்னுதில்ல சாமி, எங்கப்பாவுது," என்றார் குராமோச்சி ஐயா.

நான் முண்டியடித்து முன்னால் போனேன். "சாமி, என் பிள்ளையை மட்டும் உள்ள விடுங்க. காப்பகத்துல இடம் கொடுத்திருக்காங்க. இன்னிக்கு நான் வேலைக்குப் போயே ஆகணும்."

குரு பிள்ளையை உற்றுப் பார்த்தார். "இவன் குப்பை போடுவானா?"

'போடுவான்' என்று நான் சொன்னால் அத்தனை பொத்தான்களும் கழன்றுவிடும்.

"நகராட்சிக் கணக்குப்படி போடமாட்டான் சாமி."

தோமாவின் முகம் சிவந்தது. அவன் ஒரு காரியத்தில் தீவிரமாக இறங்கும்போது அப்படித்தான் ஆகும். சற்று நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அழுகிய மீன் பைகளைப் பிடித்திருந்த ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, என் பிள்ளையை விட்டு இரண்டடி விலகி நின்றார்கள்.

"இந்த ஊர்ல யாருங்க இப்பல்லாம் இப்படிப் பண்றாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ வருத்தத்தோடு கேட்டார்கள்.

குரு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.