கப்பலுக்கும் காப்புக்கும் நடுவில்

விக்கிரமங்கலம்,
உடையார்பாளையம் தாலுகா,
சர்வசித்து வருஷம், சித்திரை மாதம்.

ஈப்போவில் வசிக்கும் என் அன்புக்குரிய மைத்துனர் சிரஞ்சீவி வேணுகோபாலுக்கு, உன் அக்காள் சிந்தாமணியின் கணவன் செல்லமுத்து மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காளும் மகள் தனமும் உடம்பளவில் நலம். அவ்விடம் நீயும் குழந்தைகளும் நலமாயிருக்க எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டுகிறேன். அந்த அம்மனைப் பற்றிக் கீழே நிறைய எழுத வேண்டியிருப்பதால் இங்கே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்து மானேஜர் எனக்காகக் கணக்கெழுதும் பெரிய கிராணி வேலையைக் காலியாக வைத்திருக்கிறார் என்றும், இம்மாதக் கடைசியில் நாகப்பட்டினத்தில் புறப்படும் கப்பலில் நான் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றும் நீ எழுதியிருந்தாய். அந்தக் கப்பலில் என்னால் வர முடியாது, மாப்பிள்ளை. அடுத்த கப்பல்வரை பொறுத்துக்கொள்ளும்படி நீ நேரில் போய் அவரிடம் கேட்க வேண்டும். பணிவாகக் கேள். ஆனால் மிகவும் பணிந்துவிடாதே. மிகவும் பணிந்தால், ஆள் தளர்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார். அறுபதை எட்டப்போகிறவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதே பெரிது.

இனி ஊரோடு இருந்துவிடுவோம் என்று சொல்லிக் கப்பலேறிய மனிதர், ஐப்பசியில் வந்துவிட்டுச் சித்திரையில் ஏன் திரும்பத் துடிக்கிறார் என்று நீ கேட்பாய். எல்லாம் வீட்டில் ஆரம்பித்தது. முப்பது வருஷமாகத் தோட்டத்துக் கிராணி வீட்டில் இருந்தவன் நான். தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தூக்கி, மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு அது என்பது உனக்குத் தெரியும். இங்கே வீடு கட்டும்போதும் அதேபோல் படம் வரைந்து ஆசாரியிடம் கொடுத்தேன். ஈரம் ஏறாது, பூரான் வராது, வெள்ளம் வந்தாலும் பயமில்லை என்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். "இங்க வெள்ளம் எங்கேருந்துங்க வரும்? குடிக்கவே தண்ணி இல்ல" என்றார் ஆசாரி. அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் படம் சுத்தமாக வந்திருந்ததால் அதை மாற்ற மனம் வரவில்லை. வீடு முடிந்த மறுநாளே ஆடுகள் வந்து அடியில் படுத்தன. பிறகு ஆடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். பங்குனி வெயில் ஏறியதும் ஊரே வந்துவிட்டது. என் வீட்டின் அடியைவிடக் குளிர்ச்சியான இடம் இந்த வட்டாரத்தில் இல்லையாம். வெங்காயம் ஆய்கிறார்கள், பருத்தி பிரிக்கிறார்கள், வழக்குப் பேசுகிறார்கள், தூங்குகிறார்கள். ஒரு நாள் எல்லோரையும் எழுந்து போகச் சொல்வது என்று துணிந்து படியில் பாதி இறங்கினேன். என் பெரியப்பா மகன் ஆண்டவர் அண்ணாந்து பார்த்து, "வாங்கண்ணே, வாங்க, இப்பிடிக் காத்தாட உக்காருங்க" என்று என் வீட்டில் என்னையே உபசரித்தார். உட்கார்ந்துவிட்டேன்.

நிழலைக் கொடுத்தது கூடப் பெரிதல்ல, மாப்பிள்ளை. பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கிறது. மேலே பேசுவது கீழே கேட்கிறது. கேட்பதோடு நில்லாமல் அவர்கள் பதிலும் சொல்கிறார்கள். குழம்பில் உப்பு ஒரு கல் குறைகிறதோ என்று நான் மிக மெல்லச் சொன்னால், அடுத்த வீட்டு ராசாத்தி கீழேயிருந்து, "நேத்தும் அதான் சொன்னீங்க" என்கிறாள். உன் அக்காள் கூடத்தைக் கழுவிவிட்டால் கீழே நாலு பேர் நனைந்து எழுகிறார்கள். "இந்த ஊர்ல தும்மறதுக்குக் கூட ஊர்க்கூட்டம் போடணும் போலருக்கே! எனக்கு வேணாம்டா சாமி, கப்பல்ல ஏத்தி விட்டுடுங்க" என்று அவள் தினமும் அழுகிறாள். ஆகவே உன் கடிதம் வந்ததும் நாங்கள் மூவரும் கூடி உட்கார்ந்து, யாருக்கும் விளங்கக் கூடாது என்று, எல்லாவற்றையும் மலாய் மொழியிலேயே பேசி முடிவு செய்தோம். எந்த நாள் புறப்படுவது, அரியலூரில் எந்த வண்டியில் ஏறுவது, வீட்டை யாரிடம் விடுவது, ஒன்று விடாமல் பேசினோம். பேசி முடித்ததும் கீழேயிருந்து ஆண்டவர், "அப்ப நாகப்பட்டினத்துக்கு எப்பண்ணே கெளம்பறீங்க?" என்றார். நாகப்பட்டினத்துக்கும் அரியலூருக்கும் மலாயில் வேறு பெயர் கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. "நாகப்பட்டினம்னு நாலு தடவ சொன்னீங்கப்பா" என்றாள் தனம்.

மறுநாள் காலையில் என் தங்கை கலியம்மாள் வந்தாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து, சமாதானம் சொல்ல நாலைந்து வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ சாந்தமாக, "போறதுதான் போறீங்க, ஆத்தாவுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போங்கண்ணே. இன்னிக்குக் காப்புக் கட்டறாங்க" என்றாள். நியாயமாகப்பட்டது. குளித்துவிட்டுப் போனேன். கோயிலில் மேளம் முழங்குகிறது. பூசாரி கொளஞ்சி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் முடிந்து கையில் பிடித்தபடி, "யாரு கை நீட்டறது?" என்று கேட்டார். ஒருவரும் நீட்டவில்லை. மேளமும் நின்றுவிட்டது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவது உனக்கு நினைவிருக்கும். கை நீட்டியவர்களுக்கெல்லாம் ஒரு கயிறு கட்டுவார்கள். மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கு எடுப்பதற்குள் அதை அவிழ்த்து ரப்பர் மரத்தில் மாட்டிவிட்டுப் போவோம். இதுவும் அப்படித்தான் என்று எண்ணினேன். பெரியவர்களை முந்தக் கூடாது என்று பொறுத்தும் பார்த்தேன். பூசாரி கயிறும் கையுமாக நிற்க, இத்தனை பேர் சும்மா இருப்பது அம்மனுக்கு மரியாதைக் குறைவாக எனக்குப் பட்டது. கையை நீட்டினேன். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தக் குலவை ஒரு கயிற்றுக்குச் சற்று அதிகம் என்று தோன்றியபோது முடிச்சு விழுந்துவிட்டது.

இங்கே காப்பு ஊருக்கே ஒன்றுதானாம், மாப்பிள்ளை. ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே கை. ஆண்டவர்தான் பக்கத்தில் நின்று நிதானமாக விளக்கினார். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சவரம் கூடாது. செருப்புக் கூடாது. ஒரு வேளைதான் சோறு. கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. கடைசி நாள் தீமிதியில் நெருப்பில் முதலில் இறங்குகிறவரும் அவரே. நான் குளிக்கிற வெந்நீரையே விரல் நுனியால் தொட்டுப் பார்த்துப் பிறகு தொடலாமா என்று யோசிக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். "தீமிதி எப்பங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பதினஞ்சாம் நாளுங்க" என்றார் பூசாரி. "கப்பல்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கலியம்மாளைத் தனியாக அழைத்து, "இது ஊர்க்காப்பு என்று உனக்குத் தெரியாதா அம்மா?" என்றேன். "எனக்குத் தெரியும்ணே. உங்களுக்குத்தான் தெரியாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள் பிடித்துக்கொண்டாள். "ஊரே கையைக் கட்டிக்கிட்டு நிக்குது, இவருக்கு மட்டும் என்ன அவசரம்? கையை நீட்டுன்னா நீட்டிடறதா? நாளைக்குத் தலையை நீட்டுன்னா?" என்றாள். கீழேயிருந்து ராசாத்தி, "அண்ணி, அவரைத் திட்டாதீங்க, காப்புக் கட்டினவரு, ஆவாது" என்றாள். "நீ கீழ இருடி!" என்றாள் உன் அக்காள். "கீழதான் இருக்கேன்" என்றாள் ராசாத்தி. எனக்குக் கோபம் வந்தது. கோபப்படக் கூடாது என்பது நினைவு வந்து ஒரு டம்ளர் நீர் குடித்தேன்.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிற்பகலில் எல்லைக் கல் வரை நடக்கிறேன். அரியலூர் போகும் வண்டிப்பாதையைப் பார்க்கிறேன். திரும்பி வருகிறேன், மறுபடியும் போகிறேன். கல்லுக்கு அப்பால் ஒரு கால் எடுத்து வைக்கலாமா என்று நினைத்தாலே, அங்கே ஆடு மேய்க்கும் இருசம்மாள் இருமுகிறாள். போதாததற்கு, பொய் சொல்லக் கூடாத மனிதர் ஊரில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார் என்று கண்டுகொண்டு, காலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எவர் வரப்பை எவர் வெட்டினார் என்று கேட்கிறார்கள். குன்னத்தில் பார்த்த மாப்பிள்ளை நல்லவனா என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். "பாருங்க, உள்ளதை உள்ளபடி சொல்றாரு" என்று மகிழ்ந்து போகிறார்கள். முப்பது வருஷம் நான் எழுதியதை மானேஜர் திருத்தாத நாள் கிடையாது. இங்கே நான் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். நேற்று நான் சொன்னபடி ஒரு வரப்பை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போட்டுக்கொண்டன. இவையெல்லாம் எவ்வளவு தொந்தரவு என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஆகவே, தம்பி, எப்படியாவது மானேஜரைப் பிடித்து அந்த நாற்காலியைக் காப்பாற்றிக் கொடு. அதை விட்டால் இந்தப் பலகைகளின் மேல்தான் என் மிச்ச ஆயுள். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் காப்புக் கையால் பொய் எழுத முடியாது. உன் கையில் காப்பு இல்லை. உனக்குத் தோன்றியபடி சொல்.

குழந்தைகள் கல்வியிலும் ஆயுளிலும் குறைவின்றி வளர என் ஆசிகள். உன் மனைவிக்கு உன் அக்காளின் அன்பு. எல்லோரையும் விரைவில் நேரில் காணும் ஆவலுடன்,

செல்லமுத்து.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. நான் எல்லைக் கல்லருகே நிற்பதைப் பார்த்து ஆண்டவருக்கு மனம் இளகிவிட்டதாம். "அண்ணன் தவிக்கிறாரு. ஆத்தாகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம். உத்தரவு குடுத்தா காப்பை என் கைக்கு மாத்திடுங்க" என்று ஊரில் சொல்லிவிட்டார். (அவர் இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.) இன்று காலை கோயிலில் ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் கட்டிப் போட்டார்கள். வெள்ளை என்றால் நான் போகலாம், சிவப்பு என்றால் இருக்க வேண்டும். உன் அக்காளே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை வந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொளஞ்சி என் மணிக்கட்டு முடிச்சில் கை வைத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு செய்யலாமா? சரிபார்க்க வேண்டாமா?" என்றேன். மறுபடியும் கட்டினார்கள். மறுபடியும் வெள்ளை. "மூன்று தடவை பார்ப்பதுதானே முறை?" என்றேன். "அப்பிடி ஒரு மொறை இங்க இல்லீங்களே" என்று அலுத்துக்கொண்டு, கொளஞ்சி பூவையும் இலையையும் உன் அக்காளிடமே கொடுத்து, "நீங்களே கட்டுங்கம்மா" என்றார். அவள் திரும்பி நின்று கட்டிப் போட்டு எடுத்தாள். சிவப்பு. "அதுதான் சரி!" என்று ஒரு குரல் கோயில் முழுவதும் கேட்டது. என் குரல்தான். "ரெண்டு வெள்ளைக்கு ஒரு செவப்பாண்ணே?" என்றார் ஆண்டவர். கடைசியாக வந்ததே உத்தரவு என்றேன். ஊர் ஒப்புக்கொண்டது.

ஆகையால் மேலே எழுதியவை எதையும் பொருட்படுத்தாதே. மானேஜரிடம் போக வேண்டாம். போய்விட்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வா. வேலையை வேறு யாருக்காவது கொடுக்கட்டும்.

திரும்பி வரும்போது வழியில் உன் அக்காள் மலாயில் சொன்னாள், மூன்றாவது தடவை இரண்டு பொட்டலத்திலும் சிவப்பைத்தான் வைத்தாளாம். "போவதற்கு உனக்கு ஆசைதானே?" என்றேன். "எனக்கு ஆசைதான். நீங்கதான் கையை இழுத்துக்கிட்டீங்களே" என்று இதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மாப்பிள்ளை, இந்தப் பூ விஷயத்தை அங்கே நம் ஊர்க்காரர் எவரிடமும் மூச்சு விடாதே. இங்கே யாராவது வந்து என்னைக் கேட்டுவிட்டால், காப்பு அவிழும்வரை நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.