முதிர்ச்சிச் சான்றிதழ்

ஆணையர் அன்று காலை தம்முடைய காரைத் தாமே ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். வரும் வழியில், சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையனின் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து இடித்தார். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஸ்கூட்டருக்குப் பின்விளக்கு போயிற்று. ஆணையருக்கோ காரில் ஒரு கீறலும் மனத்தில் ஒரு கேள்வியும் விழுந்தன. வண்டி ஓட்டுவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாக ஏன் உயர்த்தக் கூடாது?

அவர் போக்குவரத்துத் துறையின் ஆணையர். ஆகவே அந்தக் கேள்வி மதியத்துக்குள் கோப்பாகி, மாலைக்குள் உயர்நிலைக் குழுவாகிவிட்டது.

குழுவின் செயலாளராகக் கண்ணாடியாரைப் போட்டார்கள். அவர் ஓட்டுநர் உரிமத் தேர்வு ஆய்வாளர். நடுங்கிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். "கண்ணாடியைப் பாரு, பின்னால யார் வர்றாங்கன்னு பாரு" என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தார். குழுவில் இடம் கிடைத்ததில் அவருக்குப் பெருமைதான். ஆனால் கவலையும் இருந்தது. அவருடைய மகளுக்குப் பதினெட்டு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் அவளுக்கு வேன் ஓட்டும் வேலை உறுதியாகியிருந்தது. உரிமத்தைக் காட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்தில் ஆணையர் விளக்கினார்.

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அந்தப் பையன் பாட்டுக்கு நிக்கிறான். ஏன்டா நின்னேன்னு கேட்டா, சிவப்பு எரியுதுங்கறான். சரி, எரியுது. அதுக்காக நின்னுடறதா? பின்னால ஒருத்தர் அவசரமா வருவாரேங்கற யோசனை வேண்டாம்?"

"அனுபவம் பத்தாது சார்" என்றார் துணை ஆணையர். ஆணையர் தும்மினாலும் ஆமோதிக்கும் பழக்கம் உள்ளவர் அவர்.

"ஆனாலும் நாம எடுத்தேன் கவிழ்த்தேன்னு முடிவு பண்ணக் கூடாது. அறிவியல்பூர்வமா போகணும். கண்ணாடியார், நாலு முச்சந்தியில போய் நில்லுங்க. சின்னவங்க எப்படி ஓட்டறாங்க, பெரியவங்க எப்படி ஓட்டறாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

கண்ணாடியார் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் நின்றார். வெயிலில் காய்ந்து கருவாடாகி, அடுத்த கூட்டத்தில் முடிவைச் சொன்னார். புதிதாக உரிமம் வாங்கிய சின்னவர்கள் கோட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், திரும்பும் முன் விளக்குப் போடுகிறார்கள், நடந்து போகிறவர்களுக்கு வழி விடுகிறார்கள். பெரியவர்கள் இவற்றில் எதையும் செய்வதில்லை.

அறையில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் எல்லாம் நின்றன.

"அப்படின்னா சார்," என்று கண்ணாடியார் மெல்லத் தொண்டையைச் செருமினார், "தப்பு பண்றது பெரியவங்கதான்னு..."

"உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" என்று ஆணையர் அன்பாகக் கேட்டார்.

கண்ணாடியார் உட்கார்ந்துவிட்டார்.

"ஆய்வு ரொம்ப அருமையா வந்திருக்கு" என்று ஆணையர் தொடர்ந்தார். "ஒரே ரோட்டுல ரெண்டு விதமா ஓட்டறாங்க. அதனாலதான் விபத்து. யாராவது ஒரு தரப்பு மாறியாகணும். இதுல யார் அதிகம் பேர்?"

"பெரியவங்க சார்."

"அப்ப ஜனநாயகம் என்ன சொல்லுது?"

ஜனநாயகம் சொன்னதைத் துணை ஆணையர் எழுதிக்கொண்டார். வயது வரம்பு இருபத்தொன்றாக உயர்த்தப்படும். ஆயினும் அரசின் கருணை உள்ளத்தை முன்னிட்டு, இருபத்தொரு வயதுக்குரிய முதிர்ச்சி தமக்கு இப்போதே வந்துவிட்டது என்று மெய்ப்பிக்கும் இளையோருக்குச் சிறப்புத் தேர்வு நடத்தி, முதிர்ச்சிச் சான்றிதழும் உரிமமும் வழங்கப்படும். முதிர்ச்சி என்பது யாது? முதிர்ந்தவர்கள் எப்படி ஓட்டுகிறார்களோ, அதுவே முதிர்ச்சி. அதற்கான ஆதாரம் கண்ணாடியாரின் ஆய்விலேயே இருந்தது. வேறெங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

சிறப்புத் தேர்வுக்கு முதல் ஆளாகக் கண்ணாடியாரின் மகள் வந்தாள். அப்பாவே மகளைச் சோதிக்கக் கூடாது என்று விதி இருந்ததால் ஆணையரே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவள் சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லக் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். கோட்டில் நின்றாள். ஊன்றுகோலுடன் தெருவைக் கடந்த ஒருவருக்காக வண்டியை நிறுத்தி, போங்க என்று கையும் காட்டினாள். திரும்பி வந்து இறங்கியபோது அவள் முகம் பூரித்திருந்தது.

முடிவு இப்படி வந்தது:

'விண்ணப்பதாரர் பாதசாரியைக் கண்ட மாத்திரத்தில் வண்டியை நிறுத்தியமை, தன்னம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது. திரும்பும் முன் விளக்குப் போட்டுத் தம் உள்நோக்கத்தை முன்பின் அறியாதவர்களுக்கெல்லாம் வெளிப்படுத்தினார். ரகசியம் காக்கும் பக்குவம் இல்லை. தேர்வு முழுவதும் ஒருவரையும் திட்டவில்லை. சமூகத்தோடு ஒட்டாத சுபாவம். தகுதி இல்லை.'

மகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடியாருக்கும் சோறு இறங்கவில்லை. "வேலையை இன்னும் ஒரு வாரம்தான் பிடிச்சு வெச்சிருப்பாங்களாம்" என்று மனைவி சொன்னாள். "ஊருல இருக்கற பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்க. பெத்த பொண்ணுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"சொல்லிக் குடுத்ததாலதான்டி ஃபெயிலு" என்றார் அவர்.

ஆனால் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்பக்கத் தெருவுக்குப் போனார். தன்னிடம் பயின்றவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முதலில் நாலாபக்கமும் பார்த்துக்கொண்டார்.

"ஹார்ன் அடி பாப்பா."

"எதுக்குப்பா? முன்னால யாருமே இல்லையே."

"அதுக்குத்தாம்மா. யாராவது வந்துடக் கூடாது பாரு."

அடித்தாள்.

"கையை எடுக்காதே. அப்படியே வெச்சிரு. இப்ப போன் அடிக்குதுன்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

"வண்டியை ஓரமா நிறுத்திட்டு..."

"எடுத்துப் பேசு."

"யார்கிட்டப்பா?"

"அம்மாகிட்ட. என்ன சமையல்னு கேளு."

"இப்பத்தானேப்பா சாப்பிட்டுட்டு வந்தோம்?"

"நான் முச்சந்தியில நின்னு கேட்டேனே, முதிர்ந்தவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

மகள் வண்டியை நிறுத்திவிட்டாள். கண்கள் கலங்கியிருந்தன. "அப்பா, நீங்கதானே சொன்னீங்க, வண்டி ஓட்டறவன் கையில அடுத்தவன் உசுரு இருக்குன்னு?"

கண்ணாடியார் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சொன்னேன்தான். எல்லாருக்கும்தான் சொன்னேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல எல்லாரும் மறந்துடறாங்க. நீ லைசென்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மறந்துட்ட மாதிரி நடி. சான்றிதழை வாங்கிட்டுப் பழையபடி ஓட்டிக்கோ. யார் கேக்கப் போறாங்க?"

"சத்தியமா நடிப்புதானேப்பா?"

"சத்தியமா."

அடுத்த தேர்வில் அவள் வண்டியைக் கிளப்பும்போதே ஹார்னையும் கிளப்பினாள். சிவப்பு விளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகப் புகுந்தாள். சரியான பக்கத்திலிருந்து வந்த வண்டிக்காரரைக் கண்ணாடியை இறக்கி, "கண்ணு என்ன புடனியிலயா இருக்கு?" என்று கேட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்வாங்கினார். கடைசியில் மருத்துவமனை வாசலை முழுசாக அடைத்து வண்டியை நிறுத்தி, "ரெண்டே நிமிஷம்" என்றாள்.

ஆணையர் உருகிவிட்டார். "என்ன பக்குவம்! பதினெட்டு வயசுல நாப்பது வயசு நிதானம்!" என்று சொல்லித் தம் கையாலேயே சான்றிதழைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் உரிம அலுவலகத்துச் சுவரில் மாட்டப்பட்டது. ஊரிலுள்ள பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் ஒரே வாரத்தில் பாடத்தை மாற்றிக்கொண்டன.

மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஆரம்பத்தில் சொன்ன சொல் தவறாமல் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே அவளை வறுத்தெடுத்தார்கள். "வண்டி ஓட்டறியா, உருட்டறியா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார். விரிப்புகள் தாமதமாகப் போகின்றன என்று சலவை நிலையத்து மேலாளர் கடிந்துகொண்டார். இவை எதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. அப்பா கேட்டால், "நல்லாப் போகுதுப்பா" என்பாள். அவருக்கும் நிம்மதி.

ஆண்டு திரும்பியது. ஊரில் விபத்துகள் இரட்டிப்பாயின. இம்முறை உண்மையாகவே இளையோர் ஓட்டிய வண்டிகளால்தான் அதிகம். ஆணையர் மேசையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" உயர்நிலைக் குழு மறுபடியும் கூடியது. வயதை இருபத்தைந்தாக உயர்த்துவது பற்றி வரைவு எழுதிவரச் சொன்னார்கள்.

எழுதிய வரைவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியார் கூட்டத்துக்கு நடந்து போனார். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்தது. கோடு போட்ட இடத்தில்தான் கடந்தார். பாதி தூரம் போயிருப்பார், வெள்ளை வேன் ஒன்று ஓயாத ஹார்னோடு வந்து அவர் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. அவர் ஒரு பக்கம் விழ, வரைவு ஒரு பக்கம் பறந்தது. வேனின் ஜன்னலிலிருந்து, காதில் செருகிய போனோடு, ஒரு குரல் மட்டும் வந்தது.

"யோவ் பெரிசு! வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தக் குரலிடமேதான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. நடைபாதை மேலே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் இறங்கி அவரைத் தூக்கி நிறுத்தினார். "பார்த்தீங்களா சார், சின்னப் புள்ளைங்க கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான். வயசை ஏத்தணும்."

"எவ்வளவுக்கு ஏத்தலாம்?" என்று கண்ணாடியார் அலுவலகப் பழக்கத்தில் கேட்டார்.

"முப்பது வைக்கலாம்" என்றார் அவர். அவருக்கு முப்பத்தொன்று இருக்கும்.

"முப்பது பத்தாது, நாப்பது" என்றார் நடுச்சாலையில் காரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த நாற்பத்திரண்டு வயதுக்காரர்.

"வேனை ஓட்டினது யாரு, பார்த்தீங்களா? தெரிஞ்ச முகமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லைங்க" என்றார் கண்ணாடியார். காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். வரைவு ஒருமனதாக நிறைவேறியது.

மாலையில் மகள் வீட்டுக்கு வந்தபோது அவர் முழங்காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என்னப்பா ஆச்சு?"

"ரோட்டைக் கடக்கையில ஒரு வண்டி உரசிடுச்சும்மா."

கட்டை மெல்லத் தடவிக் கொடுத்தாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

"பார்த்து நடக்கக் கூடாதாப்பா?" என்றாள். "இந்த ஊர்ல என்னைத் தவிர எவன் ஒழுங்கா வண்டி ஓட்டறான்?"