முயல் பார்சலை எடைபோட்ட குற்றம்

பெருமாநல்லூர்,
வெள்ளிக்கிழமை

மதிப்புமிகு பேராசிரியை அனுப்ரியா அம்மையார் அவர்களுக்கு, தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் யாழினியின் தகப்பன் ஆத்தப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்தான், செய்துவிட்ட ஒரு காரியத்தைத் தவிர.

தங்கள் கல்லூரிக்கு நாலு நாள் விடுமுறை என்பதால், யாழினி வரவழைத்த முயல் மருந்து எங்கள் பனியன் கம்பெனி முகவரிக்கு வந்தது. மருந்து என்றால் அவளுக்குக் கோபம் வரும். முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் என்று சொல்ல வேண்டும். கருவில் குழந்தையின் மேலுதடு ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்ட ஒரு புரதம் வேண்டுமாம். அது எங்கே இருக்கிறது என்று இது காட்டிக்கொடுக்குமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு உதடு ஒட்டவில்லை. ஆறு வயதில் தைத்தார்கள், அதை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய மீசை. இந்தப் படிப்பை ஏன் எடுத்தாள் என்று அவளை நான் கேட்டதில்லை, கேட்டால் அழுதுவிடுவேன்.

அன்று அவள் ஊத்துக்குளியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். "ஏனுங்கப்பா, பார்சல் வந்த ஒடனே எனக்கு ஃபோன் பண்ணீருங்க" என்று சொல்லித்தான் போனாள். ஆனால் எங்கள் தொழிலில் நூலோ துணியோ, தராசில் ஏறாமல் எதுவும் உள்ளே போகாது. நான்கு கிலோ இருநூறு. சீட்டில் எடை, நேரம் எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டியில் ஒட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து சந்தேகத்துக்கு மறுபடி ஏற்றினால் நான்கு கிலோ நூறு. சாப்பாட்டுக்குப் பின் தராசைத் துடைத்துவிட்டு ஏற்றினால் நான்கே கிலோ. எடை ஒரு நிலைக்கு வராமல் சரக்கு வந்துவிட்டதென்று எப்படிச் சொல்வது என்று ஃபோன் செய்யவில்லை, அதுதான் என் குற்றம். மாலையில் எட்டாவது சீட்டில் மூன்று கிலோ ஐநூறு.

சரக்கு இறக்கும் கோவில்பட்டிக்காரர் மாரிச்செல்வம் பெட்டியின் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மொதலாளி, ராபிட்னு போட்டிருக்கு. உள்ள முயலு கெடக்கு, பட்டினியில எளச்சிக்கிட்டே வருது!" எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கேன்டீனிலிருந்து கேரட் வரவழைத்தோம். மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. "ஐயோ, உசுரு போகுது மொதலாளி!" என்று அவர் கேரட்டோடு ஓட, கட்டிங் மேசையில் இருந்தவர்களும் பின்னால் ஓட, நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு யாழினியைக் கூப்பிட்டேன்.

"அய்யோ அப்பா, அது குளிருக்கு வெச்ச ட்ரை ஐஸுங்க, தானா ஆவியாப் போகும்! அதுக்குள்ள சின்னக் குப்பி இருக்கும், ஓடிப்போயி நம்மூட்டு ஃப்ரீசர்ல வைங்க!"

ஓடினேன். குப்பியில் இருந்தது ஒரே ஒரு சொட்டு. எழுநூறு கிராமைப் புகையாக விட்டவன் நான். அது கெட்டிருந்தால் மறுபடி வர ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் அவளுடைய ஆய்வறிக்கைக் கெடு முடிந்துவிடும். ஆகையால் தாங்கள் பழியை என்மேல் போட்டு, அவளுக்கு அவகாசம் தர வேண்டும். எட்டு முறை எடை போட்டது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் ஆய்வகம் மேன்மேலும் செழிக்கட்டும். இத்துடன் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு கிலோ வருகிறது, எடை போட்டே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஆத்தப்பன்

பி.கு.: கடிதத்தை அனுப்புவதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிட்டது, கல்லூரிக்குத் திரும்பிப் போயிருந்த யாழினியும் வந்துவிட்டாள். குப்பியோடு அவள் எடுத்துப்போன பெட்டி எட்டுச் சீட்டும் ஒட்டியபடியே தங்களிடம் வந்ததை மறந்தேபோனேன். தாங்கள் அவற்றைப் படித்துவிட்டு, எடை குறைந்துகொண்டே வந்ததால் கடைசிச் சீட்டு வரை உள்ளே ஐஸ் இருந்திருக்கிறது, கெட்டிருக்க வழியே இல்லை, இப்படி ஒரு கணக்கை எந்தக் கூரியரும் தந்ததில்லை என்றீர்களாம். சோதனையில் அந்தப் புரதத்தைக் காட்டும் ஒரே கோடு, வர வேண்டிய இடத்தில். படத்தை ஃபோனில் காட்டி, "உங்களுக்கோசரந்தானுங்கப்பா இந்தப் படிப்பு" என்றாள். கேட்காமலே சொல்லிவிட்டாள், அழுதுவிட்டேன். ஆகவே மேலே உள்ள மன்னிப்பை வாபஸ் பெறுகிறேன். அடுத்த பார்சலும் இங்கேயே வரட்டும். வெண்ணெய் இவ்வளவு நாள் தாங்காது என்று உருக்கி நெய்யாக அனுப்புகிறேன். எடை குறைந்திருந்தால் கலங்க வேண்டாம், சீட்டு ஒட்டியிருக்கிறேன்.