ஒன்பது மரத்தூள் கட்டிகள்

எதையும் முறைப்படி செய்கிறவனால் ஓர் ஆபத்து உண்டு. தவறையும் அவன் முறைப்படி, அரைகுறை இல்லாமல் செய்து முடிப்பான். நான் செய்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் ஆட்களில் யாருக்கு ஜெர்மன் கடிதம் வந்தாலும், கொலோனில் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். எந்த விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். (தெரியாததையும் தெரிந்த முகத்தோடு எழுதுவேன்.)

என் மனைவியின் தம்பி ரவி, நகருக்கு வெளியே ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தான். வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு. அதற்குப் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் கிரவுசர் தரும், பீச் என்ற காட்டுமரத்தின் விறகு. "இரண்டு வருடம் காயவைத்து, கோடரியால் பிளந்து, சாம்பல் அள்ளி... இது என்ன பிழைப்பு?" என்று கேட்டு, அழுத்திய மரத்தூள் கட்டிகளைச் சிபாரிசு செய்தேன். ஈரம் குறைவு, இடம் மிச்சம், சாம்பல் கொஞ்சம். கோடு போட்டு அட்டவணையே எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை எழுதியவனிடம் இருந்தது.

செயல்விளக்கத்துக்கு நான் தேர்ந்தெடுத்த நாள், ரவியின் மகளுக்குத் துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள். குறைமாதத்தில் பிறந்தவள். குளிரும் ஆகாது, புகையும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றுதான் முதன்முதலாக அவளை மாடியிலிருந்து கீழே கொண்டுவருவதாக இருந்தது. வெளியே பனி.

"அத்தான், இண்டைக்கு மட்டும் பழைய விறகையே போடுவமே?" என்றான் ரவி.

"நீ பேசாமல் இரு. ஊரிலை மரத்தூள் அடுப்பு பார்த்ததில்லையோ? இறுக்கி அடைச்சால்தான் நிண்டு எரியும்."

ஊரில் தகரத்துக்குள் தூளை இறுக்கி அடைப்பது உண்மை. நடுவில் காற்றுப் போக ஒரு துவாரம் விடுவார்கள் என்பதும் உண்மை. எனக்கு முதல் உண்மை மட்டும் நினைவிருந்தது. ஒன்பது கட்டிகளை, கோப்புகளை அலுமாரியில் அடுக்குவதுபோல, இடுக்கு விடாமல் அடுக்கினேன். கட்டிகள் வந்த பொதிக்குள் எப்படி எரிப்பது என்று ஒரு தாள் இருந்தது. ஊரார் தாள்களையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்தவன், அந்த ஒரு தாளைச் சுருட்டி நெருப்பு மூட்டினேன்.

இருபது பேர் வந்திருந்தார்கள். கட்டிகள் கறுத்தனவே தவிர எரியவில்லை. ரவியின் மனைவி வதனி, குழந்தையோடு படியிறங்கி வந்து அடுப்பைப் பார்த்தாள்.

"அண்ணை, அது எரியுதோ?"

"மரத்தூளுக்குப் பொறுமை வேணும், தங்கச்சி."

பிறகு எரிந்தது. எரிய எரியக் கட்டிகள் ஊதிப் பருத்தன. விறகு அப்படிச் செய்யாது, இது செய்யும். உள்ளே இடம் போதாமல் அவை கதவை நெருக்கின.

"இஞ்சேருங்கோ, கண்ணாடியைப் பாருங்கோ!" என்று என் மனைவி கத்தினாள். நான் திரும்பவும் அது வெடிக்கவும் சரியாக இருந்தது.

அறை முழுக்கப் புகை. பட்டுச் சேலைகள் இருமின. வதனி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பும் இல்லாமல் பனிக்குள் ஓடினாள். மருத்துவர் தடுத்த இரண்டையும் ஒரே நிமிடத்தில் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

கிரவுசர் தடித்த கையுறையோடு வந்தார். கட்டிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, இரும்பு வாளியில் போட்டு, பனியில் கொட்டினார். எத்தனை வைத்தீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றேன். "இரண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். பழக்கதோஷத்தில் ரவி படிவத்தை என்னிடம் நீட்டினான். பெயர், பிறந்த நாள், காப்புறுதி எல்லாம் எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. கடைசியில் 'அடுப்பு' என்று எழுதினேன். ரவி அதை வாங்கிப் பார்த்து, 'அடுப்பு' என்பதை வெட்டி 'அக்காவின் கணவர்' என்று எழுதினான். தாதி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நாற்காலியில் நான் சுருங்கிய அளவுக்கு எந்த இயந்திரத்தாலும் மரத்தூளை அழுத்த முடியாது.

இரண்டு மணிநேரம் கழித்து வதனி வெளியே வந்தாள். "ஒண்டுமில்லையாம். நெஞ்சு சுத்தமாம்," என்றாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. காலில் யாரோ கொடுத்த மருத்துவமனைச் செருப்பு. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன்.

ரவி இன்றைக்கும் கட்டிதான் எரிக்கிறான், இரண்டிரண்டாக. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் குழந்தை இப்போது என்னைவிட உயரம். நான் அவர்கள் வீட்டு அழைப்புமணியை அடித்தால், ஜனவரியானாலும் அவள் முதலில் எல்லா ஜன்னல்களையும் திறப்பாள். பிறகு குளிர்ச்சட்டையைப் போடுவாள். அதன் பிறகுதான் கதவு.

"வாங்கோ மாமா," என்பாள், சப்பாத்து நாடாவைக் கட்டியபடி. "நான் ஓட ரெடி."