என் ரூம் மட்டும்

பினாங்கு வாடகை வீடுகளில் ஒரு தனி இனம் வாழ்கிறது. பெயர்: 'என் ரூம் மட்டும்' ஆசாமி. மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்; இந்த மகராசனுக்கு மட்டும் தன் அறைக் கதவோடு பொறுப்பு முடிந்துவிடும்.

கெலுகோர் அடுக்குமாடியில் வாசு, குகன் இருவரோடும் குடியிருக்கும் மோகனராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் முட்டை ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதுவார், சமையலறைக் குழாய் ஒழுகினால் "நா சமைக்கிறதே இல்ல லா" என்பார், ஹால் விளக்கு போனால் "நா ஹால்ல உக்கார்றதே இல்லியே" என்பார், வாசல் பூட்டு கெட்டுப்போனபோதும் அசையவில்லை. அந்த வாசல் வழியாகத்தானே ஐயா நீரும் உள்ளே வருகிறீர்? வாசு கேட்டே விட்டார். வந்த பதில்: "என் ரூம் பூட்டு நல்லாத்தான் இருக்கு, அண்ணே."

திமிரைப் பார்த்தீர்களா!

வாசுவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நம் தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே "வீடு போயிருச்சு" என்று போனை வைக்கிற ஊரில், நாயாய் அலைந்து இந்த வீட்டைப் பிடித்தவர் அவர்தான். இது போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

இந்த லட்சணத்தில் மோகனராஜ் யாரிடமும் சொல்லாமல் தன் அறைக்குள் ஒரு வாஷிங் மெஷினை இறக்கினார். பொதுவில் ஒன்று இருந்ததே? அதில் மற்றவர்கள் துணியும் துவைக்கிறார்களாம்! குழாயையும் தானே இழுத்து மாட்டினார். அது கழன்று, அறை குளமாகி, கீழ்வீட்டு ஃபராவின் சீலிங் ஊறி அவர் கட்டில்மேலேயே விழுந்தது. நல்லவேளை, ஃபரா வேலைக்குப் போயிருந்தார்.

வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரி அக்கா கொதித்துப்போய் வந்து நின்றார். "யாரு செஞ்ச வேல இது?"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஹால் பக்கமே எட்டிப் பார்க்காத நம் ஆள் நடு ஹாலுக்கு வந்து, வாசு தோளில் ஒரு கையும் குகன் தோளில் ஒரு கையும் போட்டுக்கொண்டார்.

"ஒரே அக்ரிமெண்ட்தானே அக்கா? மூணு பேரும் சேந்துதான் பொறுப்பு. சட்டம் அப்படித்தான் லா."

சட்டமாம், சட்டம்! சமையலறைக் குழாய் ஒழுகியபோது எங்கே போயிருந்தது அது?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆள் சொன்னது சரி. அந்த ஒப்பந்தத்தில் அறை என்ற பேச்சே கிடையாது. ஒருவர் கெடுத்தாலும் மூவரும் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது.

"அப்படியா தம்பி? அப்ப மூணு பேருமே காலி பண்ணுங்க." அக்கா படியிறங்கிப் போய்விட்டார்.

வாசு அப்படியே சோபாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மோகனராஜ் ஃபிரிட்ஜைத் திறந்து தன் பெயர் போட்ட முட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் இந்த இனத்தவர் யார் என்று கூட இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். ஒருவரும் அகப்படவில்லையா? அப்படியானால், அந்த வீட்டில் நீங்கள் இன்னும் நினைத்துப் பார்க்காத ஆள் ஒருவர்தான் பாக்கி.