கோடுகள் சேருமிடம்

வாயால் சொல்லித் திருத்த முடியாத பெண்டாட்டியைப் படம் போட்டுத் திருத்திவிடுவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சௌந்தரராஜன் முடிவெடுத்தார். மனுஷனுக்கு நேரம் சரியில்லை, வேறென்ன?

ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையாள் எங்கெங்கே நடக்கிறான் என்று ஷெட்டின் வரைபடத்தில் கோடு இழுப்பார்கள். வீண் நடை சிவப்பாகப் பல்லைக் காட்டும். அப்படி எத்தனையோ பேர் வாயை அடைத்தவர் அவர். வீட்டிலும் அடைக்க வேண்டிய வாய் ஒன்று இருந்தது. ஏன் காபி தாமதம் என்றால், வேலை என்பாள் வீரலட்சுமி. பக்கத்து வீட்டு சுக்ராவோடு அரட்டை என்பது இவர் கட்சி.

சார்ட் பேப்பரில் வீட்டை வரைந்து, ஓரத்தில் சுக்ரா வீட்டையும் மறக்காமல் சேர்த்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவோடு ஹால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"நீ நடக்கறத வரையறேன்."

"என்னத்துக்கு?"

"சாயங்காலம் தெரியும். மொதல்ல தண்ணி கொண்டா."

கொண்டு வந்தாள். கோடு. கண்ணாடி எங்கே என்றார். கோடு. போன் சார்ஜர், பஜ்ஜி, அதற்குச் சட்னி. கோடு, கோடு, கோடு. காரியத்திலேயே கண்ணாக இருந்தார், பாவம்.

சாயங்காலம் சாட்சிக்கு சுக்ராவையும் அவள் புருஷன் அக்பர் பாஷாவையும் கூப்பிட்டார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

"பாய், இது எங்க கம்பெனி ரூலு. கோடு எங்க மொத்தமா சேருதோ, அங்க இருக்கறத தூக்கி வேலை நடக்கற எடத்துக்குப் பக்கத்துல வெச்சிரணும். மேனேஜரே தடுக்க முடியாது!"

"நம்ம வீட்டுக்கும் இதே ரூலுங்களா?" என்றாள் வீரலட்சுமி, பரம சாதுவாக.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

சுக்ரா படத்தருகே போனாள். "அண்ணா, எங்க வீட்டுக்கு ஒரே ஒரு கோடுதானே வருது?"

"அது இஞ்சி வாங்க வந்தது. இவரு சட்னிக்கு" என்றாள் வீரலட்சுமி.

"அப்ப இது என்னங்க சார்?" பாஷா விரல் வைத்த இடத்தில் மை ஊறித் தாளே கிழிந்திருந்தது.

அது நாற்காலி. சௌந்தரராஜனின் நாற்காலி.

நாளெல்லாம் அவள் ஓடியதைப் பார்த்துக்கொண்டேதானே இருந்தார்? கோடு போட்டாரே தவிர, ஒரு தடவையாவது எழுந்தாரா? வெட்கம் பிடுங்கித் தின்றது. சாட்சிக்கு ஆள் வேறு, அதுவும் தானே கூப்பிட்டு! பாஷா நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். அது இன்னும் சுட்டது.

"அக்கா, இந்த ஸ்கெட்சு எந்தக் கடையில கெடைக்கும்?" என்றாள் சுக்ரா. பாஷாவுக்கு உடனே ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தால், ஹாலில் நாற்காலியைக் காணோம்.

"நாற்காலி எங்கடி?"

"கம்பெனி ரூலுங்க. எடம் மாத்தியாச்சு."

அடுப்படியில், சிங்க்கை ஒட்டிக் கிடந்தது. தான் சொன்ன ரூலாயிற்றே, போய் உட்கார்ந்தார். தண்ணீர், கண்ணாடி, சார்ஜர், எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தேய்க்காத பாத்திரமும்தான்.